டிவி கார்ட்டூன் உரிமம் வாங்கி சிறுவர் காமிக்ஸ் போடலாமா?

மதுரை அச்சகம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் எங்களுக்குச் சின்ன ஆஃப்செட் அச்சகம். அப்பா காலத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும்தான். நான் பொறுப்புக்கு வந்த பிறகு சிறுவர் புத்தகங்களும் போடுகிறோம். நாட்டுப்புறக் கதைகள், விடுகதைகள், கலர் அடிக்கும் புத்தகங்கள். விற்பனை மெதுவாக நடக்கிறது, நஷ்டம் என்று சொல்ல முடியாது.

புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் போடும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன். குழந்தைகள் அட்டையில் டிவியில் பார்த்த முகம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இல்லை என்றால் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுகிறார்கள். இப்போது டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கார்ட்டூனுக்குத் தமிழில் காமிக்ஸ் போடும் உரிமையைத் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது. 2 வருட ஒப்பந்தம். மினிமம் கியாரண்டி, அதாவது விற்பனை எப்படி இருந்தாலும் ராயல்டியாகக் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 4 லட்சம். அதில் பாதி கையெழுத்து போடும்போதே கட்ட வேண்டும். ராயல்டி அட்டை விலையில் 8 சதவீதம்.

அமெரிக்காவில் ஐடிடபிள்யூ, பூம் ஸ்டுடியோஸ் மாதிரி சின்ன பதிப்பகங்கள் இப்படிக் கார்ட்டூன் உரிமங்களை வைத்துத்தான் வளர்ந்தன என்று படித்தேன். அவர்களுக்கு இது கடைசியில் எப்படி முடிந்தது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். அதனால்தான் கையெழுத்து போடுவதற்கு முன்னால் கேட்கிறேன்.

மாயாவி ரசிகன் எழுதியது:

சகோ, யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். 1972ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதானே ஆரம்பித்தது? அது பிரிட்டிஷ் பாத்திரம். 1984ல் வந்த லயனும் அதே வழிதான். டெக்ஸ் இத்தாலி, லக்கி லுக் பெல்ஜியம். தமிழ் காமிக்ஸ் இத்தனை வருடம் நிற்பதே வெளியூர் உரிமத்தில்தான். சொந்தமாக ஒரு ஹீரோவை உருவாக்கி குழந்தைகளுக்குப் பழக்குவதற்குள் பத்து வருடம் போய்விடும். தெரிந்த முகத்தைப் போடுங்கள், விற்கும்.

உமா, சென்னை எழுதியது:

மதுரைத் தம்பிக்கு வணக்கம். குழந்தைகள் புத்தகங்கள் போடும் ஒரு நிறுவனத்தில், உரிமம் வாங்கிய கார்ட்டூன் புத்தகங்களுக்குப் பல வருடம் எடிட்டராக இருந்தேன். இப்போது வீட்டிலிருந்து எடிட்டிங் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மாயாவி ரசிகன் சொன்னதற்கு. முத்துவும் லயனும் வாங்குவது ஏற்கெனவே வரைந்து முடித்த காமிக்ஸ் கதைகளை. விற்பவரும் காமிக்ஸ் பதிப்பாளர், வாங்குபவரும் காமிக்ஸ் பதிப்பாளர். ஒரு தொடர் போனால் இன்னொரு தொடர் வரும். வாசகர் பதிப்பகத்தின் பெயரை நம்பி சந்தா கட்டுகிறார், அவர்களில் பலர் சின்ன வயதில் படித்துவிட்டு இன்றும் தொடர்பவர்கள். தம்பிக்கு வந்திருக்கும் உரிமம் வேறு சாதி. டிவியில் ஓடும் ஒரு முகத்தை, அது ஓடும் காலத்துக்கு மட்டும், வாடகைக்கு எடுக்கிறீர்கள். கதை நீங்கள் எழுத வேண்டும், படம் நீங்கள் வரைய வேண்டும், சம்பளம் நீங்கள் கொடுக்க வேண்டும். எழுதி வரைந்தது எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி இருக்கும், தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். நான் டிஸ்னி வாத்துகளின் தீவிர வாசகி, அதனால் அந்தக் கதையிலிருந்தே சொல்கிறேன். டொனால்ட் டக்கின் பணக்கார மாமா ஸ்க்ரூஜ் சினிமாவில் பிறந்தவர் இல்லை. கார்ல் பார்க்ஸ் 1947ல் ஒரு காமிக்ஸ் கதைக்காக உருவாக்கியவர். அந்தக் காமிக்ஸைத் தயாரித்தது டிஸ்னி கிடையாது, டிஸ்னியிடம் உரிமம் வாங்கியிருந்த வெஸ்டர்ன் பப்ளிஷிங். டெல் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பார்க்ஸுக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி. அவர் பெயர் கூட புத்தகத்தில் வராது. வாசகர்கள் அவரை நல்ல வாத்து ஓவியர் என்றுதான் அழைத்தார்கள். அவர் உருவாக்கிய பணக்கார மாமா முழுக்க டிஸ்னியின் சொத்து. எழுதியவருக்கும் இல்லை, அச்சிட்டவருக்கும் இல்லை.

வெஸ்டர்ன் 1984ல் காமிக்ஸை நிறுத்தியது. 1986ல் அரிசோனாவில் கிளாட்ஸ்டோன் என்ற சின்னப் பதிப்பகம் அந்த உரிமத்தை எடுத்தது. நடத்தியவர்கள் வாத்துப் பைத்தியங்கள், பார்க்ஸின் பழைய கதைகளை மரியாதையோடு மறுபடி அச்சிட்டவர்கள். 1987ல் டான் ரோசா என்ற ஓவியரின் முதல் வாத்துக் கதையைப் போட்டதும் அவர்கள்தான். அதே வருடம் டிவியில் ஸ்க்ரூஜ் மாமாவை வைத்து டக்டேல்ஸ் கார்ட்டூன் வந்தது, சந்தை சூடானது. இனி நாமே போட்டுக்கொள்ளலாம் என்று 1990ல் டிஸ்னி உரிமத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. சந்தையைத் தூக்கி நிறுத்திய கிளாட்ஸ்டோனுக்கு வெளியே போகும் கதவைக் காட்டினார்கள். டிஸ்னியே நேரடியாகப் போட்ட காமிக்ஸ் 1993ல் முடிந்தது. திரும்பவும் கிளாட்ஸ்டோன், அப்புறம் 2003ல் ஜெம்ஸ்டோன், 2009ல் பூம், 2015ல் ஐடிடபிள்யூ. வாத்து அதே வாத்து. வீடு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

பூமுக்கு அது 2011 வரைதான் நீடித்தது. பூம் டிஸ்னி காமிக்ஸ் போட ஆரம்பித்த அதே 2009ல் டிஸ்னி மார்வெலை வாங்குவதாக அறிவித்தது. வீட்டுக்குள்ளேயே காமிக்ஸ் கம்பெனி வந்த பிறகு வெளியே உரிமம் எதற்கு? இதில் பூமின் தவறு என்று எதுவும் இல்லை. புத்தகங்கள் நன்றாகவே இருந்தன. எங்கோ நடந்த ஒரு பெரிய வியாபாரம் அவர்கள் காலண்டரைக் கிழித்துவிட்டது. எனக்கு இந்த இடம்தான் மனதை உறுத்துகிறது. எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், நம் கையில் இல்லாத ஒரு முடிவு நம் பட்டியலையே காலி செய்யும்.

இப்போது உங்கள் கணக்கு. புத்தகம் 100 ரூபாய் என்று வைத்தால் 8 சதவீதம் 8 ரூபாய். 4 லட்சத்தை 8ஆல் வகுத்தால் 50,000 பிரதி. மதுரையில் நீங்கள் ஒரு தலைப்பு 3,000 அடிப்பதாக வைத்துக்கொண்டாலும், 2 வருடத்தில் 17 தலைப்பு போட்டு ஒரு பிரதி மிஞ்சாமல் விற்றால்தான் கியாரண்டி கழியும். குறைவாக விற்றாலும் 4 லட்சம் போனது போனதுதான். கடைக்காரர் கழிவு, பேப்பர், ஓவியர் சம்பளம், லாரி எல்லாம் இதற்கு மேல்.

அடுத்தது அப்ரூவல். கதை ஒரு முறை, பென்சில் படம் ஒரு முறை, மை ஒரு முறை, கலர் ஒரு முறை, அட்டை தனி, கடைசியாக அச்சுக்குப் போகும் கோப்பு ஒரு முறை என்று எல்லாம் அனுமதிக்குப் போகும். நாங்கள் தமிழில் எழுதிய வசனத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும், அந்தச் செலவும் எங்களுடையது. ஒரு கதையில் பாத்திரம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்பது போல் வரைந்திருந்தோம். அடுப்பில் நெருப்பு இருக்கிறது, குழந்தை பக்கத்தில் நிற்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்றி வரைந்தால் வால் நீளம் வழிகாட்டிப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று மறுபடி வந்தது. கடைசி அனுமதி கைக்கு வந்தபோது சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்திருந்தது. பொங்கல் கதை மாசி மாதம் கடைக்குப் போனது. அந்தப் பாத்திரத்தை வரைந்த பையன் அவ்வளவு ஆசையோடு வரைந்தான், அவன் முகம் வாடிப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் கையிருப்பை விற்கச் சில மாதம் அவகாசம் தருவார்கள். அதற்குப் பிறகு மிச்சத்தை அழித்துவிட்டு சான்றிதழ் கொடுக்க வேண்டும். எங்கள் கிடங்கில் நல்ல கலர் புத்தகங்கள் பழைய பேப்பராகப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னப் பதிப்பகம் உயிரோடு இருப்பது பழைய பட்டியலால்தான். பத்து வருடம் முன்பு போட்ட விடுகதைப் புத்தகம் இன்றும் மாதம் நாற்பது பிரதி போகும், அந்தக் காசில் கரண்ட் பில் கட்டலாம். உரிமத்தில் போட்ட புத்தகத்துக்கு அந்தப் பழைய பட்டியலே கிடையாது. வாடகை வீட்டுத் தோட்டத்தில் மாமரம் வைத்து வளர்ப்பது போன்ற வேலை அது.

நகையை வைக்காதீர்கள் தம்பி. இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

சான் டியாகோ அப்பா எழுதியது:

உமா மேடம் எழுதியதோடு இங்கே நான் கண்டதையும் சேர்க்கிறேன். ஐடிடபிள்யூ எங்கள் ஊரில் 1999ல் ஆரம்பித்த பதிப்பகம். நியாயமாகப் பேச வேண்டும் என்றால் உரிமம் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் மை லிட்டில் போனி காமிக்ஸ் வந்தபோது என் மூத்த மகளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அதுவரை அந்தக் கடையில் பெண் குழந்தைகளைப் பார்ப்பதே அபூர்வம். அன்று அம்மாக்களும் மகள்களுமாக நின்றார்கள். முதல் இதழ் திரும்பத் திரும்ப அச்சாகியது. டிவி தொடர் 2019ல் முடிந்த பிறகும் காமிக்ஸ் 100 இதழ்களைத் தாண்டி 2021 வரை போனது. அதே 2012ல் பூம், அட்வெஞ்சர் டைம் என்ற டிவி கார்ட்டூனின் காமிக்ஸை இணையத்தில் காமிக்ஸ் எழுதிக்கொண்டிருந்த ரயான் நார்த்திடம் கொடுத்தது. அடுத்த வருடம் அதற்குச் சிறுவர் பிரிவில் ஐஸ்னர் விருது, அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருது அது. உரிமம் என்றாலே சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஐடிடபிள்யூவின் பிற்காலத்தையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோக்களின் உரிமம் 2005 முதல் அவர்களிடம் இருந்தது, ஜி.ஐ. ஜோ என்ற பொம்மைச் சிப்பாய்களின் உரிமம் 2008 முதல். இரண்டும் 2022 முடிவோடு போய்விட்டன. 2023ல் ஸ்கைபவுண்ட் என்ற வேறு பதிப்பகம் அதே ரோபோக்களைப் புதிதாக ஆரம்பித்தது, வாசகர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். அதே 2023 ஏப்ரலில் ஐடிடபிள்யூ தன் ஊழியர்களில் 39 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது, பங்குச் சந்தையிலிருந்தும் விலகியது. உரிமம் போனது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். டிவி தயாரிப்பில் இறங்கியதிலும் பணம் போனது. இருந்தாலும் பதினேழு வருடம் போட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளை அவர்களால் இனி அச்சிட முடியாது என்பது சின்ன அடி இல்லை.

வீடியோ கேமில் வரும் நீல முள்ளெலி சோனிக்கின் காமிக்ஸ் கதை இன்னும் சிக்கலானது. ஆர்ச்சி காமிக்ஸ் 1993ல் ஆரம்பித்து 290 இதழ் போட்டது. இடையில் கென் பெண்டர்ஸ் என்ற எழுத்தாளர், தான் உருவாக்கிய பாத்திரங்கள் தனக்கே சொந்தம் என்று பதிவு செய்தார். ஆர்ச்சி 2010ல் வழக்கு போட்டது, 2013ல் சமரசம் ஆனது. அவர் உருவாக்கிய பாத்திரங்கள் எல்லாம் கதையிலிருந்து காணாமல் போயின. எழுதுபவரோடு ஒழுங்காக ஒப்பந்தம் போடாமல் உரிமப் புத்தகம் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். 2017ல் உரிமமே ஆர்ச்சியை விட்டுப் போனது. 2018 ஏப்ரலில் ஐடிடபிள்யூ புதிதாக முதல் இதழ் என்று ஆரம்பித்தது. எழுத்தாளர் இயன் ஃப்ளின் அங்கேயும் தொடர்ந்தார்.

என் இளைய மகன் அப்போது சோனிக் வெறியன். இடையில் மாதக்கணக்காக ஒன்றும் வரவில்லை என்று வருத்தப்பட்டான், புதிது வந்ததும் வாங்கினான். பதிப்பகம் மாறியது அவனுக்குத் தெரியவே தெரியாது. இருபத்து நான்கு வருடம் உழைத்த பதிப்பகத்தின் பெயர் அந்தக் குழந்தையின் மனதில் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. மதுரை நண்பர் இதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும்.

மதுரை அச்சகம் எழுதியது:

உமா அக்கா, சான் டியாகோ சார், இருவருக்கும் நன்றி. 17 தலைப்பு என்ற கணக்கைப் பார்த்ததும் இரவு மனைவியோடு உட்கார்ந்து பேசினோம். நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஆனாலும் ஒரு கேள்வி. ஸ்டாலைத் தாண்டிப் போகும் அந்தக் குழந்தைகளை நான் எப்படி நிறுத்துவது? ஏஜென்சி மறுபடி போன் செய்தது, பேரம் பேசலாம் என்கிறார்கள். முழுதாக வேண்டாம் என்று சொல்லிவிடவா, இல்லை வேறு மாதிரி வாங்கலாமா?

உமா, சென்னை எழுதியது:

தம்பி, நல்ல முடிவு. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னதாக வாங்குங்கள். காமிக்ஸை விடுங்கள், கலர் அடிக்கும் புத்தகத்துக்கும் ஸ்டிக்கர் புத்தகத்துக்கும் மட்டும் கேளுங்கள். அந்தப் படங்களை அவர்களே தருவார்கள், அதனால் ஓவியர் செலவும் அப்ரூவல் இழுபறியும் பெரும்பாலும் குறையும். மினிமம் கியாரண்டியை நான்கு தலைப்பு விற்றால் கழியும் அளவுக்கு இறக்குங்கள். 3,000 வீதம் நான்கு தலைப்பு 12,000 பிரதி, 100 ரூபாய் விலையில் ராயல்டி 96,000. அதற்கு மேல் ஒரு பைசா ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுப்பி பதினைந்து வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் இதற்குச் சுலபமாக ஒத்துக்கொள்ளாது, கேட்பதில் தப்பில்லை. குறைந்தது, பதில் வரத் தாமதமானால் அந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்றாவது வாங்குங்கள். கையிருப்பு விற்க ஆறு மாதம் கேளுங்கள். அதற்குள் ஒரு சென்னைக் கண்காட்சியாவது வருகிற மாதிரி தேதியைப் பார்த்துக் கையெழுத்து போடுங்கள்.

அந்தப் புத்தகங்கள் குழந்தையை ஸ்டாலுக்குள் கூட்டி வரட்டும். பக்கத்து அடுக்கில் உங்கள் சொந்தக் காமிக்ஸ் இருக்க வேண்டும். பூம் தப்பித்தது இப்படித்தான். டிஸ்னி போன பிறகு கார்ட்டூன் நெட்வொர்க் உரிமங்களால் குழந்தை வாசகர்களைச் சேர்த்தார்கள். அந்த வாசகர்கள் இருக்கும்போதே 2014ல் லம்பர்ஜேன்ஸ் என்று எந்த டிவியிலும் வராத ஒரு தொடரை ஆரம்பித்தார்கள். முகாமுக்குப் போகும் ஐந்து பெண் பிள்ளைகளின் கதை. அடுத்த வருடம் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது அதற்கு வந்தது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மோட்டு பத்லுவை டிவிப் பாத்திரங்கள் என்றுதான் இன்றைய குழந்தைகள் நினைக்கிறார்கள். அவர்கள் லோட்பாட் என்ற இந்திப் பத்திரிகையில் பல வருடம் வந்தவர்கள், 2012ல்தான் நிக்கலோடியனில் கார்ட்டூன் ஆனார்கள். அங்கே டிவிக்காரர் பத்திரிகையைத் தேடி வந்தார். நிஞ்சா ஆமைகளும் அப்படித்தான். 1984ல் இரண்டு இளைஞர்கள் கடன் வாங்கி கறுப்பு வெள்ளையில் சுமார் 3,000 பிரதி அடித்தார்கள். உங்கள் அச்சகம் ஒரு ஷிப்டில் அடிக்கும் அளவு. 1987ல் அது கார்ட்டூன் ஆனது. உரிமத்தை வாங்கும் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கும் பக்கத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காவிட்டாலும் அந்த 3,000 பிரதியும் அதன் கதையும் உங்களுடையவை, பத்து வருடம் கழித்தும் அச்சிடலாம்.

உங்களிடம் நாட்டுப்புறக் கதைகள் இருக்கின்றன. அவற்றில் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் பாத்திரம் எது என்று ஸ்டாலில் கவனியுங்கள். அதே பாத்திரத்தை வைத்து 32 பக்கத்தில் ஒரு காமிக்ஸ், மூன்று மாதத்துக்கு ஒன்று. ஓவியரோடும் எழுத்தாளரோடும் முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பாத்திரத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள். பார்க்ஸுக்கு நடந்தது உங்கள் கையால் இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

மதுரை அச்சகம் எழுதியது:

அக்கா, எங்கள் கதைகளில் ஒரு திருட்டு நரி வரும். போன வருடம் தமுக்கம் கண்காட்சியில் ஒரு சிறுமி அந்த நரி இருக்கும் வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். அதை வரைந்தவர் செல்லூரில் இருக்கிறார், நாளைக்கே போய்ப் பேசுகிறேன். ஏஜென்சியிடம் கலரிங், ஸ்டிக்கர் மட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒப்பந்த வரைவு வந்தால் உங்களுக்கு அனுப்பலாமா?

உமா, சென்னை எழுதியது:

தனிச் செய்தியில் அனுப்புங்கள் தம்பி. ராயல்டி கணக்கு, அப்ரூவல், ஒப்பந்த முடிவு, இந்த மூன்று பகுதியும் முழுதாக வேண்டும். நரிக்கு ஓவியரோடு போடும் ஒப்பந்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதைத்தான் முதலில் படிப்பேன்.